பட்டும் பசையும் ஒரு அக்காவும்

நல்ல செய்தி சொன்னால் அக்காவுக்கு முகம் வாடிவிடும். கெட்ட செய்தி சொன்னால், "அப்பிடிச் சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்காருவார். இப்படி ஒரு பிறவியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில், ஒரே கைடுக்குக் கீழே, ஒரே நாளில் பதிவு செய்து, அடுத்தடுத்த மேஜைகளில் ஆறு வருடம் நானும் அவரும் ஆராய்ச்சி செய்தோம். கூடப்பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் அக்கா. ஆராய்ச்சி என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் பட்டுக்கூட்டை வேகவைத்து, கரைத்து, பசையோடு கலந்து, தட்டில் ஊற்றிக் காய வைத்தோம். வடாம் போடுகிற வேலைதான். வடாமையாவது பொரித்துத் தின்னலாம்.

என் அப்பாவுக்கு வல்லத்திராக்கோட்டையில் கடலை விவசாயம். நான் என்ன படிக்கிறேன் என்று அவரிடம் விளக்க முயன்றது ஒரே ஒரு முறை. "பட்டுல பிளாஸ்டிக்கக் கலக்குறதுக்கு எதுக்குடா ஆறு வருசம்? சேலக் கடக்காரன் அத ஒரே நாள்ல பண்ணிட்டு, சுத்தப் பட்டுன்னு சத்தியம் வேற பண்றான்" என்றார். அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன். ஆனால் உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இது தெரியாவிட்டால் அக்கா யாரென்று தெரியாது.

புண் மேல் ஒட்டுகிற மெல்லிய பிலிம் செய்வது எங்கள் நோக்கம். பட்டில் இருக்கும் புரதம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், புண்ணும் ஆறும். ஆனால் அதைத் தனியாகக் காய வைத்தால் அப்பளம் போல நொறுங்கிவிடும். பிவிஏ என்று ஒரு செயற்கைப் பாலிமர் இருக்கிறது, பசையில் போடுகிற வெள்ளைத் தூள். அது நன்றாக வளையும், ஆனால் புண் ஆறினால் என்ன, ஆறாவிட்டால் என்ன என்று கிடக்கும். இரண்டையும் சேர்த்தால் வளையவும் செய்யும், ஆற்றவும் செய்யும் என்பது யோசனை. தண்ணீரில் கரைந்து கிடக்கும்வரை இரண்டும் நல்ல சிநேகம். தண்ணீர் காயக் காயத்தான் அதது குணம் தெரியும். பட்டு ஒரு பக்கம் ஒதுங்கும், பசை ஒரு பக்கம் ஒதுங்கும், பிலிம் முழுக்கத் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டு விழும். எந்த அளவில் கலந்தால், எப்படிக் காய வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்பதுதான் எங்கள் இருவர் தலைப்பும். பட்டு அதிகமாகப் போடுவது என் பங்கு, குறைவாகப் போடுவது அக்கா பங்கு. கருத்தரங்குக்கு வருகிற பெரிய பேராசிரியர்கள் எல்லாரும் இந்த இடத்தில் புருஷன் பெண்டாட்டி உதாரணம் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். நான் சொல்லப்போவதில்லை. ஆறு வருடம் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அக்கா கறம்பக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒருமுறை நானும் ஒரு வேலையாக அங்கே போய்விட்டுக் காலையில் அவரோடு ஒன்றாக பஸ் ஏறினேன். கூட்டம் பிதுங்குகிறது. அதற்கு நடுவில் ஜன்னலோரமாக ஒரு சீட் காலி. நான் பாய்ந்து கைக்குட்டையைப் போட்டு, "அக்கா, வாங்க, உக்காருங்க" என்றேன். அக்கா அசையவில்லை.

"இத்தன பேரு நிக்கிறாங்க. இது மட்டும் எதுக்குத் தம்பி சும்மா கெடக்கு?"

"நம்ம அதிர்ஷ்டம்க்கா."

"அதிர்ஷ்டமா? அப்ப நீயே உக்காரு."

உட்கார்ந்தேன். முந்தின நாள் பெய்த மழை முழுவதும் அந்த சீட்டின் பஞ்சுக்குள்தான் இருந்திருக்கிறது. உட்கார்ந்த பிறகு எழுந்து என்ன பிரயோஜனம்? புதுக்கோட்டை வரும்வரை சீட்டுக்காரனாகவே வந்தேன். அக்கா கம்பியைப் பிடித்து நின்றபடி, வழியெல்லாம் என்னைப் பார்த்துப் பார்த்து முகம் மலர்ந்துகொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்தது குறைவு.

அவருக்குக் கல்யாணமான கதையும் இப்படித்தான். அவரே சொல்லியிருக்கிறார், மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் சிரிக்காமல். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிற வேலை. குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், மாமியார் தங்கமானவர். பங்குச் சாமியாரே நல்ல இடம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் எல்லாரும் வாயெல்லாம் பல்லாக நிற்க, அக்காவுக்கு மட்டும் சந்தேகம் தட்டியிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "மாப்பிள்ளகிட்ட ரெண்டு நிமிசம் பேசணும்" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"எல்லாம் சரிங்க. என்ன கொறன்னு மட்டும் சொல்லிருங்க."

அந்த மனிதர் பாவம், பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவர் மாதிரி யோசித்திருக்கிறார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "குறட்ட விடுவேங்க. ரூமுல கூட இருக்கவனுங்க எல்லாம் வேற எடம் பாத்துட்டுப் போயிட்டானுங்க" என்றிருக்கிறார்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்து சம்மதம் சொல்லிவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வரும்போதெல்லாம் அக்காவின் கண்கள் சிவந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும். ஆனால் மனசுக்குள் ஒரு நிம்மதி தெரியும்.

இன்னொன்று. பட்டைக் கரைப்பதற்காகப் போட்ட உப்பை நீக்க, கரைசலைச் சவ்வு மாதிரி ஒரு நீளப் பையில் கட்டித் தண்ணீரில் மூன்று நாள் மிதக்க விடுவோம். அதற்கும் டயாலிசிஸ் என்றுதான் பேர். "டயாலிசிஸ் ஓடிக்கிட்டிருக்கு, மூணு நாளைக்கு ஊருக்கு வர முடியாது" என்று நான் போனில் சொன்னதை அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த நாள் என் அத்தை இரண்டு கிலோ ஆரஞ்சுப் பழத்தோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. எனக்கு ஒன்றுமில்லை என்று புரியவைப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டது. அத்தையை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால், அக்கா ஆரஞ்சை உரித்தபடி என்னையே உற்றுப் பார்க்கிறார்.

"கிட்னி நல்லாருக்குன்னு அத்தைகிட்டச் சொன்னியே, டெஸ்ட் எடுத்துப் பாத்தியா?"

"எதுக்குக்கா எடுக்கணும்? நல்லாத்தான இருக்கேன்?"

"அதான் எப்பிடித் தெரியும்ங்கிறேன்."

அன்றைக்கு இரண்டு மூன்று தடவை நான் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், மறைப்பானேன்.

ஆய்வுக்கூடத்தில் அவருடைய மந்திரம் "இன்னும் ஒரு தடவ." பிலிம் வெள்ளைத் திட்டோடு வந்தால் அக்காவுக்கு மனசு சமாதானம் ஆகிவிடும். "பாரு, பிரிஞ்சிருச்சு. இது ஞாயம்" என்பார். அதை ஒரே ஒரு தடவை செய்ததோடு நோட்டில் எழுதிவிடுவார். கொஞ்சம் தெளிவாக வந்துவிட்டால் போச்சு. "இன்னும் ஒரு தடவ." அதுவும் தெளிவாக வந்தால் தூளை மாற்றி, தட்டை மாற்றி, தராசைச் சந்தேகப்பட்டு, தண்ணீரைச் சந்தேகப்பட்டு, இன்னும் ஒரு தடவை. எங்கள் கைடு நல்ல மனுஷர், போண்டாப் பிரியர், ஓய்வு பெறுவதற்குள் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டுவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவர். "ஏம்மா, ஒனக்கு யாரும்மா நல்லது நடக்காதுன்னு சொன்னது?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "யாரும் சொல்லல சார். நானாப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான்" என்றார் அக்கா.

எங்களுக்குக் கடைசித் தேதி செப்டம்பர் மாத முடிவு. பல்கலைக்கழகம் தரவேண்டிய நீட்டிப்பை எல்லாம் தந்து முடித்துவிட்டது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இருவர் பதிவும் ரத்து, ஆறு வருடமும் தண்ணீரோடு போகும் என்று கடிதம் வந்தது. வேறு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்து முதலிலிருந்து தொடங்கலாமாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு முப்பது வயதாகிறது, அப்பா ஊரில் என்னை டாக்டர் என்று சொல்லத் தொடங்கியே நாலு வருடமாகிறது. ஊரில் பாதிப் பேர் என்னிடம் மூட்டு வலிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மார்ச்சில்தான் எனக்கு அது வந்தது. பாதிக்குப் பாதி பட்டு போட்ட பிலிம், கண்ணாடி மாதிரி! அதைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஒரு திட்டு இல்லை, ஒரு புள்ளி இல்லை. திருச்சிக்கு அனுப்பிச் சூடேற்றிப் பார்த்தோம். அங்கே இருக்கும் கருவி, பொருள் எந்தச் சூட்டில் இளகத் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும். இரண்டும் தனித்தனியாகக் கிடந்தால் கோடு இரண்டு இடத்தில் வளையும். ஒன்றாகக் கலந்துவிட்டால் ஒரே இடத்தில். எனக்கு ஒரே இடத்தில்தான் வளைந்திருந்தது. கைடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கேன்டீனிலிருந்து ஒரு தட்டு போண்டா வந்தது. கட்டுரைக்குத் தலைப்பு வைத்தோம். தலைப்பில் "முழுமையான" என்று ஒரு வார்த்தை வேறு போட்டோம்.

அக்கா போண்டாவைத் தொடவில்லை. பிலிமை இடுக்கியால் தூக்கி ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"எப்பிடி வந்துச்சு?"

"வந்துருச்சுக்கா. அவ்வளவுதான்."

"ஆறு வருசமா வராதது, இப்ப மட்டும் எப்பிடி வந்துச்சுங்கிறேன்?"

"நேரம் வந்துச்சு, வந்துருச்சு. சாப்பிடுங்கக்கா, ஆறிரும்."

"நல்லா வந்துருச்சுன்னா எங்கயோ தப்புப் பண்ணியிருக்கோம் தம்பி. இதுல நகத்தளவு வெட்டிக்கட்டுமா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பட்டு எடுக்கப் போனால், முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்க்காத குடும்பம் கிடையாது. பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். பிளாஸ்டிக் என்றால் உருகி உருண்டையாகும். அக்கா என் பிலிமிலிருந்து வெட்டின துண்டை இடுக்கியில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அது உருகிச் சுருண்டது. அக்கா முகர்ந்தார். என் மூக்குக்கு நேரே நீட்டினார். கைடும் கையில் கடித்த போண்டாவோடு வந்து முகர்ந்தார். இனிப்பாக என்னவோ ஒரு வாசம். முடி நாற்றம் இல்லவே இல்லை.

"பாதி பட்டுங்கிற. இங்கிட்டு ஒரு நூல் பட்டுக்கு உண்டான நாத்தங்கூடக் காணாமே" என்றார் அக்கா. அந்த முகத்தில் வெற்றி இல்லை, கேலி இல்லை. ஒரு பெரிய நிம்மதி மட்டும் இருந்தது.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு சனி ஞாயிறு கரண்ட் போய், பிரிட்ஜ் நின்று, என் பட்டுக் கரைசல் தயிராக உறைந்து கிடந்தது. பட்டுப் புரதத்துக்கு அந்தக் குணம் உண்டு. நான் அவசரத்தில் அதை வடிதாளில் ஊற்றி, மேலே நின்ற கட்டியைக் குப்பை என்று தொட்டியில் கொட்டிக் கழுவிவிட்டு, கீழே சொட்டின தெளிந்த தண்ணீருக்குச் "சுத்தமான பட்டு" என்று லேபிள் ஒட்டி வைத்தேன். அதில் எவ்வளவு பட்டு இருக்கிறது என்று கொஞ்சம் காய வைத்து எடை பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. போன தடவை வந்த அளவையே எழுதிக்கொண்டேன். தயிரைக் கொட்டிவிட்டு, வடிந்த தண்ணீரில் வெண்ணெய் எடுக்கப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிலிமில் இருந்தது வெறும் பசை. தனியாக இருக்கிறவன் யாரோடு சண்டை போடுவான்? கோடு ஒரே இடத்தில் வளையாமல் என்ன செய்யும்?

அக்கா விடவில்லை. மீதம் இருந்த கரைசலை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, பிளஸ் டூ பிள்ளைகள் செய்கிற புரதச் சோதனையைச் செய்தார். புரதம் இருந்தால் ஊதாவாக மாறும். நீலமாகவே நின்றது.

நான் கத்தினேன். "ஒங்களுக்கு யாரு நல்லாருந்தாலும் பிடிக்காதாக்கா? இன்னும் ஆறு மாசந்தான் இருக்கு, தெரியும்ல?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"நான் யாருகிட்டயும் சொல்லல தம்பி. ஓம் பிலிமு, ஓம் பேரு. ஆனா வைவாவுக்கு வார்ற ஆளு சட்டப்பையில தீப்பெட்டி வச்சிருந்தா என்ன பண்ணுவ?"

அவ்வளவுதான் சொன்னார். வெளியிலிருந்து வருகிற பரீட்சகர், மேடையில் எல்லார் முன்னாலும் தீக்குச்சி கிழித்து என் ஆறு வருடத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பதை நினைத்தேன். கைடு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வேற யாருக்குத் தெரியும்?" என்று என் காதுக்குள் கேட்டார்.

"அக்காவுக்கு மட்டுந்தான் சார்."

"அப்ப முடிஞ்சுது" என்று கட்டுரையை இரண்டாக மடித்து டிராயரில் போட்டார். பிறகு மீதி போண்டாவைத் தின்றார்.

அந்த ஆறு மாதம் நான் நாயாக உழைத்தேன். திட்டு விழுகிற பிலிம்களையே உட்கார்ந்து அளந்தேன். பட்டு எவ்வளவு போனால் பிரிகிறது, எவ்வளவு பெரிதாகத் திட்டு விழுகிறது, கிளிசரின் கொஞ்சம் சேர்த்தால் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று எழுதினேன். ஒத்துப்போகிறது என்று எழுத வந்தவன், எங்கெல்லாம் ஒத்துப்போகாது என்று எழுதினேன். அது உண்மை. அதற்கு நான் அக்காவுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதற்கு நடுவில்தான், கத்திரி வெயிலில், அக்காவுக்கு வந்தது. பத்தில் ஒரு பங்கு பட்டு, ஒரு சொட்டு கிளிசரின். கண்ணாடி மாதிரியான பிலிம். கொளுத்தினால் முடி நாற்றம் அடிக்கிறது. புரதச் சோதனையில் ஊதா வருகிறது. கோடு ஒரே இடத்தில் வளைகிறது. வளைத்தால் வளைகிறது, தண்ணீரில் போட்டால் கரையாமல் கிடக்கிறது. இதற்குத்தான் நாங்கள் இருவரும் ஆறு வருடம் காத்திருந்தோம். நான் துள்ளிக் குதித்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு தடவ."

செய்தார். வந்தது. பதினொரு தடவை செய்தார், பதினொரு தடவையும் வந்தது. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. தட்டை மூடி போட்டு, மெதுவாக, ஒரு வாரமெடுத்துக் காய வைத்தார். வெள்ளைத் திட்டு விழுந்தது. முகம் பளிச்சென்று ஆகிவிட்டது அவருக்கு.

"பாத்தியா? வெயில்ல வெரசாக் காஞ்சா தெளிவா இருக்கு. மெதுவாக் காஞ்சா பிரியுது. அப்ப அது ஒத்துப்போச்சா, இல்ல பிரியறதுக்கு நேரம் கெடைக்காம அப்பிடியே நின்னுபோச்சா?"

நல்ல கேள்வி. இன்றைக்கும் நான் வகுப்பில் அதைக் கேள்வியாகக் கேட்கிறேன். கைடு அன்றைக்கே சொன்னார், "இதையே ஒரு சேப்டரா எழுதும்மா, பிரமாதமா இருக்கும், டிகிரிக்கு இது போதும்." அக்கா கேட்கவில்லை. தெளிந்த பிலிம்களை எல்லாம் டிராயரில் அடுக்கி வைத்து, அது பிரிகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். தினமும் பஸ் பிடித்து வருவார், டிராயரைத் திறப்பார், ஜன்னலில் பிடித்துப் பார்ப்பார், நோட்டில் "தெளிவு" என்று எழுதுவார். ஜூன், தெளிவு. ஜூலை, தெளிவு. ஆகஸ்டில் மழை பிடித்தது, அப்போதும் தெளிவு. ஒரு நல்லது கெட்டுப்போவதற்காக இப்படி ஒரு மனுஷி காத்துக் கிடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. பாதிச் சிரிப்பில் நெஞ்சை என்னவோ செய்கிறது.

செப்டம்பரில் நான் பொறுக்கமுடியாமல் அவருடைய நோட்டுகளை வாங்கி, அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பகுதிகளோடு சேர்த்து, ஆய்வேடு முழுவதையும் டைப் செய்து, பைண்டிங் போட்டுக் கொண்டுவந்தேன். கடைசி நாள் காலையில் அவர் மேஜையில் வைத்தேன். கைடு கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அலுவலகத்துக்குப் போக ஆட்டோ வாசலில் நிற்கிறது.

அக்கா முதல் பக்கத்திலிருந்து படித்தார். எனக்கு நகமெல்லாம் போய்விட்டது. மதியம் மூன்று மணிக்கு முடிவுரைக்கு வந்தார். "இவ்வளவு அளவில் இவை இரண்டும் ஒத்துப்போகின்றன" என்று ஒரு வரி. அதில் பேனாவை வைத்தார்.

"இத நான் எழுதலயே தம்பி."

"நாந்தான் எழுதுனேன். நீங்க பாத்தததான எழுதியிருக்கேன்? நாலு மாசமாத் தெளிவுன்னு எழுதுனது யாரு?"

"நாலு மாசந்தான பாத்தேன்? அஞ்சாவது மாசம் பிரிஞ்சா? ஒருத்தங்க புண்ணு மேல ஒட்டியிருக்கப்பப் பிரிஞ்சா?"

"அக்கா, இது யாரு புண்ணு மேலயும் ஒட்டப்போறதில்ல. லைப்ரரி அலமாரிலதான் ஒட்டப்போகுது. கையெழுத்துப் போடுங்கக்கா, ஒங்களக் கும்பிடுறேன்."

கைடு எழுந்து வந்தார். "அப்பறம் பிரிஞ்சா, அப்பறம் பிரிஞ்சுதுன்னு எழுதிக்கலாம்மா. எல்லாரும் அப்பிடித்தான் பண்றோம்" என்றார்.

"எனக்குத் தெரியல சார்" என்றார் அக்கா. "தெரியாதத எப்பிடித் தெரியும்னு கையெழுத்துப் போடுறது?" பிடிவாதம் பிடிக்கிறவரின் குரல் இல்லை அது. போட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது, பேனா பேப்பரில் பட்டு ஒரு புள்ளிகூட விழுந்திருந்தது. அதற்கு மேல் நகரவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை வரவில்லை. நான் என்னுடையதை முந்தின வாரமே கொடுத்திருந்தேன்.

அக்காவின் பதிவு ரத்தானது. அதன் பிறகு அவர் கல்லூரிக்கு வரவில்லை.

பிப்ரவரியில் எனக்கு வாய்மொழித் தேர்வு. எங்கள் பக்கத்தில் அது பொதுவில் நடக்கும், யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. வருகிறவர்கள் எல்லாரும் பிறகு போடுகிற பிரியாணிக்காக வருகிறவர்கள் என்பது நடைமுறை. அப்பா வெள்ளை வேட்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் பேசிய ஆங்கிலத்துக்கெல்லாம் தலையாட்டினார். பரீட்சகர் தங்கமான மனுஷர், நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிட்டார். "அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். வெளியே பிரியாணி தம் திறந்த வாசம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கேள்வி கேட்கிறவனை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றார். அவர் வந்ததையே நான் பார்க்கவில்லை. கையில் ஒரு நோட்டு.

"ஒரு கேள்விங்க" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான். "ஒவ்வொண்ணயும் திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்திருக்கீங்க. சரி, இது போதும், இனிமே எழுதிரலாம்னு ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு? எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

என் பக்கத்தில் கைடு தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. எனக்கு அன்றைக்கு நாக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து சபையை நாலு தடவை சிரிக்க வைத்திருந்தேன்.

"பதிவு ரத்துன்னு யுனிவர்சிட்டில இருந்து லெட்டர் வந்துச்சுங்க. அதப் படிச்சதும் தெரிஞ்சுருச்சு" என்றேன்.

அரங்கமே சிரித்தது. பரீட்சகர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அப்பா எதற்கென்று தெரியாமலே சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக எல்லாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். அக்கா எழுதிக்கொள்வதற்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். நான் சொன்னதை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு, "சரிங்க" என்றார். கூட்டத்தில் நான் கீழே இறங்கித் தேடி வருவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார், சாப்பிடவில்லை.

அவர் என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கறம்பக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்குப் பதிலும் தெரியும். "தெரியலக்கா, தெரியாமலேதான் கையெழுத்துப் போட்டேன், பயத்தோடதான் போட்டேன், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒருவேளை நம்பியிருப்பார், அது கெட்ட செய்திதானே. நான் நாலு பேர் சிரிப்பதற்கு ஆசைப்பட்டுவிட்டேன்.